பிள்ளையைப் பொறுப்பெடுக்கிறோம் என்று காசு அனுப்புகிறவர்களே, இதை வாசித்துவிட்டு அனுப்புங்கள்

வன்னியில் ஒரு பிள்ளையின் படிப்பைப் பொறுப்பெடுத்து வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் காசு அனுப்புகிற உறவுகளே, இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். எனக்கு இன்னும் கை நடுக்கம் நிற்கவில்லை. நேற்று முன்தினம் பின்னேரம்தான் எல்லாம் தெரியவந்தது. என் தம்பி 1,680 கனடா டொலரைக் கொடுத்து ஏமாந்திருக்கிறான். இங்கத்தைய காசுக்கு மூன்றரை இலட்சத்துக்கு மேல். அவனை நம்பவைத்தது நான். அதுதான் என்னைப் படுக்கவிடாமல் செய்கிறது.

நான் புதுக்குடியிருப்பில் முன்பள்ளி ஆசிரியை. தம்பி 2012இல் கனடா போனவன். பாண் தொழிற்சாலையில் இரவு வேலை. 2009இல் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக்பாம் முகாமில் நாங்கள் இருந்தபோது, முகம் தெரியாத யாரோ அனுப்பிய கொப்பியிலும் பேனையிலும்தான் அவன் படித்தான். கூடாரத்துக்குள்ளே மெழுகுதிரி வெளிச்சத்தில் அவன் கணக்குச் செய்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு பிள்ளையையாவது படிப்பித்துவிட வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை.

2023 செப்டெம்பரில், முகநூலில் பக்கம் வைத்து நடத்துகிற ஒரு உதவி அமைப்பின் படங்களை எனக்கு அனுப்பினான். பெயர் போட்டால் வழக்குப் போடுவோம் என்று நேற்று மிரட்டியிருக்கிறார்கள், அதனால் பெயரை எழுதவில்லை. தகப்பனை இழந்த பிள்ளைகளின் படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம், மாதம் 60 டொலர். ஒரு பிள்ளையைத் தெரிவுசெய்தால் வருடத்துக்கு இரண்டு கடிதம் வரும். "அக்கா, நீ ஒருக்கா விசாரிச்சுச் சொல்லு. நீ சரியெண்டா நான் போடுறன்" என்றான்.

பக்கத்தில் இருந்த இலக்கத்துக்கு எடுத்தேன். அடுத்த நாளே அவர்களுடைய இணைப்பாளர் வீட்டுக்கு வந்துவிட்டார். முப்பது வயது இருக்கும். மழைத்தூறலில் மோட்டார் சைக்கிளில் வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, "அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டு உள்ளே வந்தார். ஒரு பெரிய கோப்பைத் திறந்து பிள்ளைகளின் விபரங்களைக் காட்டினார். கொரியச் சண்டையில் அநாதையான பிள்ளைகளுக்காக 1950களில் பெரிதாகப் பரவிய முறை இது, இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கிறது என்று விளக்கினார். பிறகு தேடிப் பார்த்தேன், அது உண்மைதான். உண்மைகளை நடுவில் வைத்துத்தான் பொய்யைச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் நான் நம்பியது கோப்பைப் பார்த்தல்ல. சுவரில், இறுதிப் போரில் மாத்தளனில் இறந்த எங்கள் பெரியண்ணாவின் படம் மாட்டியிருக்கிறது, மாலையோடு. அதைப் பார்த்ததும் அந்தப் பொடியன் பேச்சை நிறுத்தினார். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "எங்கட அண்ணாவும் மாத்தளனிலதான் அக்கா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் அழுதுவிட்டேன். அவர் போய் அரை மணித்தியாலத்தில் தம்பிக்கு எடுத்து, "நல்ல ஆக்கள், நீ யோசியாமல் போடு" என்று சொன்னேன். அவருடைய அண்ணா உண்மையிலேயே மாத்தளனில் இறந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அது பொய்யாக இருந்தால், காசைவிட அதைத்தான் என்னால் பொறுக்க முடியாது. எங்கள் சாவை வைத்தா வியாபாரம் செய்கிறீர்கள்?

24 மாதம் அனுப்பினான். மாதம் 60 டொலர் என்றால் இங்கே ஏறக்குறைய 13,000 ரூபாய். எல்லாம் இன்டராக் என்ற மின்னஞ்சல்வழிக் காசுப் பரிமாற்றத்தில், கனடாவில் இருக்கிற பொருளாளர் என்ற ஒருவருடைய சொந்த மின்னஞ்சலுக்கு. இடையில் பிள்ளை மூன்று கிலோமீற்றர் நடந்து பள்ளிக்கூடம் போகிறாள், சைக்கிள் வேண்டும் என்று கேட்டார்கள். அதற்கு வேறாக 240 டொலர். ஒரு கிழமையில் படம் வந்தது. புது நீலச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பிள்ளை நிற்கிறாள், சிரிக்கிறாள். தம்பி அதைத்தான் தொலைபேசித் திரையில் வைத்திருந்தான்.

கடிதங்களும் வந்தன. "அன்புள்ள மாமா, நீங்கள் வாங்கித் தந்த சைக்கிளில் தினமும் பாடசாலை செல்கிறேன்." அழகான, சரிந்த எழுத்து. பன்னிரண்டு வயதுப் பிள்ளை இப்படி எழுதுகிறாளே என்று எனக்குச் சந்தோசம். சந்தேகம் வரவில்லை. பிள்ளைகளின் எழுத்தைத் தினமும் பார்க்கிற எனக்கே வரவில்லை.

போன மாதம் தம்பி பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு சட்டை வாங்கி நேரே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னான். இணைப்பாளரிடம் விலாசம் கேட்டேன். "சிறுவர் பாதுகாப்பு விதி அக்கா, நேர சந்திக்க ஏலாது" என்றார். பெரிய நிறுவனங்களிலும் அப்படி ஒரு விதி இருப்பது உண்மை. ஆனால் அங்கே முன்கூட்டி அறிவித்தால், உங்களைப் பற்றி விசாரித்த பிறகு, தங்கள் ஊழியரோடு கூட்டிக்கொண்டு போவார்கள். இவர்கள் அதற்கும் மாட்டேன் என்றார்கள். பிள்ளையின் முகத்தை உலகம் முழுக்கப் பார்க்கிற மாதிரி முகநூலில் போட்டுக் காசு சேர்க்கலாம், பொறுப்பெடுத்தவனின் அக்கா சட்டை கொடுக்கக்கூடாதாம். அங்கேதான் எனக்கு முதல் முறையாக நெஞ்சில் தட்டியது.

படத்தில் சீருடையில் பாடசாலைச் சின்னம் பாதி தெரிந்தது. அந்தப் பக்கம் படிப்பிக்கிற என் சிநேகிதி ஒருத்தி பிள்ளையை அடையாளம் கண்டுவிட்டாள். நேற்று முன்தினம் பரந்தன் வீதியால் போய், விசுவமடுவிலிருந்து உள்ளே ஓட்டோ பிடித்துப் போனேன். வீட்டுத்திட்டத்து வீடு, பூச்சு இல்லை, முன்னால் தறப்பாளில் கச்சான் காய்ந்துகொண்டிருந்தது. தாய் குந்தியிருந்து சொத்தைக் கச்சானைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் அமைப்பின் பெயரைச் சொன்னதும் எழும்பிவிட்டார். முகம் வெளிறிப்போனது.

"பையைத் திருப்பிக் கேக்க வந்தனீங்களோ அம்மா?"

எனக்கு விளங்கவில்லை. உள்ளே போய் ஒரு புத்தகப்பையைக் கொண்டுவந்தார். அமைப்பின் சின்னம் வெளிறிப்போன பை. ஒரு வார் அறுந்து, மீன்வலை தைக்கிற நைலோன் நூலால் தைத்திருந்தது. இரண்டு வருடத்துக்கு முதல் கோயில் மண்டபத்தில் ஒரு நிகழ்வு வைத்து இந்தப் பையும் ஆறு கொப்பியும் கொடுத்தார்களாம். ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினார்களாம். அவ்வளவுதான். மாதாந்தம் ஒரு சதமும் இல்லை. கணவர் முதுகில் எறிகணைத் துண்டோடு வாழ்ந்து 2019இல் இறந்தவர். இந்த அம்மா கிழமைக்குக் கிழமை நுண்கடன் கட்டுகிறார். ரியூசன் காசு இல்லாமல் பிள்ளை இந்தத் தவணை வகுப்பை விட்டிருக்கிறாள்.

"சைக்கிள் எங்கே?" என்று கேட்டேன். பிள்ளைதான் பதில் சொன்னாள். "அது படம் எடுக்கிறதுக்கு. எடுத்து முடிய பிக்கப்பில ஏத்திக்கொண்டு போட்டினம்." கைபிடியில் சுற்றியிருந்த பொலித்தீனைக்கூடக் கழற்ற வேண்டாம் என்றார்களாம். அதைப் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சொன்னார்களாம். சிரித்திருக்கிறாள். வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று நினைத்துத்தான் சிரித்தாளாம்.

அவளுடைய கொப்பியை வாங்கிப் பார்த்தேன். கட்டை கட்டையான, நிமிர்ந்த எழுத்து. கடிதத்தில் பெயருக்கு முன்னால் 'க' என்று முதலெழுத்து இருந்தது. அவளுடைய அப்பாவின் பெயர் 'சி'யில் தொடங்குகிறது. தகப்பனின் முதலெழுத்தைக்கூட விசாரிக்காமல் ஒரு பிள்ளையின் பெயரில் கடிதம் எழுதியிருக்கிறார்கள்.

அங்கிருந்தே இணைப்பாளருக்கு எடுத்தேன். "நான் கொழும்பில ஒரு கூட்டத்தில நிக்கிறன் அக்கா, பிறகு எடுக்கிறன்." எடுக்கவில்லை. வட்ஸ்அப்பில் எழுதினால் பார்த்த அடையாளம் மட்டும் வருகிறது. தம்பி கனடாவில் பொருளாளரைப் பிடித்தான். "நாங்கள் இஞ்சயிருந்து அனுப்பிட்டம், அங்க கேளுங்கோ" என்றார். இரவு இணைப்பாளர் ஒரு குரல்பதிவு போட்டார்: "அங்கயிருந்து காசு வரேல்லை அக்கா, அங்க கேளுங்கோ." கணக்கைக் காட்டுங்கள் என்றால் கணக்காய்வு நடக்கிறதாம். பிள்ளைக்குக் கொடுக்கவில்லையே என்றால் கிராம அபிவிருத்திக்குப் போனதாம். பல நிறுவனங்கள் காசைப் பிள்ளையின் கையில் கொடுக்காமல் கிணறு, முன்பள்ளி என்று ஊருக்குச் செலவழிப்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் அதை முதலே சொல்லிவிடுவார்கள். சரி, எந்தக் கிராமம், எந்தக் கிணறு என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் வழக்கு மிரட்டல். இப்போது என்னையும் தம்பியையும் தடுத்துவிட்டார்கள்.

கிளிநொச்சியில் அவர்கள் சொன்ன அலுவலகத்துக்கும் நேற்றுப் போனேன். ஒரு கடைக்கு மேல் ஒற்றை அறை, பூட்டு. வாடகை பாக்கி வைத்துவிட்டுப் போய் மூன்று மாதம் என்றார் கடைக்காரர். முறைப்பாடு கொடுக்கப் போனால், காசு அனுப்பியவர் யார், அவர் வரவேண்டும் என்றார்கள். 1,680 டொலருக்காக அவன் வேலையை விட்டுவிட்டு விமானம் ஏறி வரவா?

அன்றைக்கு அந்தப் பொடியன் காட்டிய பதிவுச் சான்றிதழின் படம் என் தொலைபேசியில் கிடக்கிறது. நேற்றிரவு பெரிதாக்கி வாசித்தேன். அது ஒரு விளையாட்டுக் கழகத்தின் பதிவு.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சிலது. தனி ஆளின் கணக்குக்கோ மின்னஞ்சலுக்கோ அனுப்பாதீர்கள். கனடாவில் பதிவுள்ள தொண்டு நிறுவனம் என்றால் ஒன்பது இலக்கமும் ஆர்ஆர் என்ற எழுத்தும் கொண்ட பதிவிலக்கம் இருக்கும், வருமானவரி முகவரகத்தின் இணையத்தளத்தில் தேடலாம். தம்பி வரிப் பற்றுச்சீட்டுக் கேட்டபோது இரண்டு வருடமும் "அடுத்த வருசம்" என்றார்கள், அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். இங்கே தொண்டு அமைப்புகளைப் பதிவுசெய்கிற 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். விதானையாரிடமும் (கிராம அலுவலர்) பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் ஒரு சொந்தக்காரரை அனுப்பி விசாரியுங்கள். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்திடமே செவன சரண என்று ஒரு வளர்ப்புப் பெற்றோர் திட்டம் இருக்கிறது, அதையும் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளின் படத்தைக் காட்டிக் காசு சேர்ப்பதைக் கண்டால் 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

தம்பி இனி யாருக்கும் ஒரு சதமும் அனுப்ப மாட்டேன் என்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. சட்டையை நான் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வந்தேன், அளவாகத்தான் இருந்தது.

அந்தச் சைக்கிள் நீலம். முன்னால் வெள்ளைக் கூடை, கைபிடியில் பொலித்தீன். உங்களுக்கு வந்த படத்தில் வேறொரு பிள்ளை அதே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றால், அந்தப் படத்தை எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். இரண்டாவது படம் ஒன்று கிடைத்தால் நான் திரும்பவும் முறைப்பாட்டுக்குப் போவேன்.