மின்சார ஸ்கூட்டரா, பெட்ரோல் ஸ்கூட்டரா?

2025 செப்டம்பரில் பெட்ரோல் ஸ்கூட்டருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. மின்சார வண்டிக்கு அதே 5 சதவீதம்தான். அதனால் "இப்போது எது வாங்கலாம்?" என்று வீட்டிலும் தெருவிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

ஓட்டும் செலவு:
பெட்ரோல்: லிட்டர் 100 ரூபாய், 45 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய்க்கு மேல்.
மின்சாரம்: 3 யூனிட்டில் சுமார் 90 கிலோமீட்டர். யூனிட் 8 ரூபாய் என்றாலும் கிலோமீட்டருக்கு 30 பைசாவுக்குள் முடிந்துவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாத வீட்டு மின்பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையான யூனிட்டுக்கும் கட்டணம் ஏறும். ஏசி ஓடும் வீடுகள் இதையும் சேர்த்துக் கணக்குப் போடவும்.

பராமரிப்பு:
பெட்ரோல்: ஆயில், பிளக், பெல்ட், ஏர் ஃபில்டர். தெருமுனை மெக்கானிக்கே பார்த்துவிடுவார்.
மின்சாரம்: வேலை குறைவு. ஆனால் பழுதானால் பெரும்பாலும் கம்பெனி சர்வீஸ் சென்டர்தான். வாங்கும் முன் அங்கே ஒரு காலை போய், எத்தனை வண்டி தூசி படிந்து காத்திருக்கிறது என்று பாருங்கள். விளம்பரத்தைவிட அது உண்மை சொல்லும்.

சார்ஜிங்: இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைத் தொங்கவிட்டு, மழையில் சார்ஜ் போடுவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

தினமும் 30 கிலோமீட்டர் ஓட்டம், கீழ்த்தளத்தில் எர்த் உள்ள சொந்த பிளக், ஊரிலேயே நல்ல சர்வீஸ் இருந்தால் மின்சாரம். மாடி வாடகை வீடு, அடிக்கடி வெளியூர், அல்லது நாளுக்கு ஐந்தாறு கிலோமீட்டர் மட்டும் என்றால் பெட்ரோல் வண்டியே சரி.