கடலோர வீட்டுக்கு .32: ரிவால்வரா, பிஸ்டலா?

பட்டாளத்திலிருந்து வந்தவனுக்கு லைசென்ஸ் கிடைத்தாலும், பழகிய 9 எம்.எம். பிஸ்டலை வாங்க முடியாது. பொதுமக்களுக்கு அது தடை செய்யப்பட்ட ரகம். அரசு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர், .32 பிஸ்டல் இரண்டையும் பார்த்துவிட்டு ரிவால்வரை எடுத்தேன். .32 என்பது தோட்டா அளவு, அங்குலக் கணக்கில். ரிவால்வரில் தோட்டா சுழலும் உருளைக்குள் இருக்கும்; பிஸ்டலில் பிடிக்குள் செருகும் மேகசின் என்ற பெட்டிக்குள். வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில், அலைச் சத்தம் கேட்கும் தூரம்.

பிஸ்டல் தட்டை, இடுப்பில் உறுத்தாது, தோட்டாவும் கூடுதல். சரி, அதில் பேச்சில்லை.

ஆனால் எந்த வேலைக்குப் பிறந்ததோ அதற்கேற்ற உடம்புதான் துப்பாக்கிக்கு. 1911இல் அமெரிக்க ராணுவம் கோல்ட் பிஸ்டலை 6,000 ரவுண்டு சுட்டுப் பார்த்துத்தான் எடுத்தது. நம் .32 பிஸ்டலோ பிரௌனிங் வடிவமைத்த பாக்கெட் பிஸ்டல்களின் வழிவந்தது. அந்த வம்சத்துக் கோல்ட் 1903 அமெரிக்க ஜெனரல்களின் இடுப்பில் இருந்தது. ஜெனரல் எங்கே சுடப்போகிறார்? ரிவால்வர் பிரிட்டனின் வெப்லி வம்சம், முதல் உலகப் போரின் சேற்றில் புரண்டது. போருக்கப்புறம் பிரிட்டிஷார், புதிதாய்ப் பழகுபவன் கைக்கு அடங்கட்டும் என்று .455ஐ விட்டு .38க்கு இறங்கினார்கள். குழலை முன்னால் மடக்கித் திறக்கும் ரகம் என்பதால் முரட்டுத் தோட்டாவைப் பூட்டு தாங்காது. சாதுவான .32க்கு அது தாராளம்.

நம் கையில் எதுவும் சுட்டுத் தேயப்போவதில்லை. லைசென்ஸில் எழுதித் தரும் தோட்டாவே கொஞ்சம். இங்கே எமன் உப்புக்காற்றுதான். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது கரண்ட் வரவே நாளாயிற்று, பீரோவுக்குள்ளும் ஈரம். அப்புறம் நண்பர் ஒருவரின் பிஸ்டலைக் கழற்றினோம். வெளியே பளபளப்பு. மேகசின் ஸ்பிரிங்கில் செம்பழுப்புத் துரு, தோட்டாவை மேலே தள்ளும் தகடு பாதியில் நின்றுவிட்டது. மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடின் இடுக்கில் பழைய எண்ணெயும் பொடிமணலும் சந்தனம்போல் அப்பியிருந்தன. ஊசி போட்டுக் கிளற அரைநாள் போயிற்று.

ரிவால்வரை மடக்கினால் ஆறு அறையும் ஒரே பார்வையில் தெரியும். துணி, குச்சி, நாலு சொட்டு எண்ணெய், பத்து நிமிஷம். அதற்காக அது துருவே பிடிக்காது என்றில்லை. ஒரு ஐப்பசியில் தோல் உறையிலேயே விட்டுவிட்டேன். என் கட்டைவிரல் ரேகை அப்படியே துருவாய் உருளையில் பதிந்திருந்தது. இப்போது உறை ஆணியில், ரிவால்வர் எண்ணெய்த் துணியில்.

பிஸ்டலில் நான் சுட்டது ஏழெட்டு ரவுண்டு. சுடும்போது எது நெடுநாள் உழைக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். ரிவால்வரின் கீல் நாளாக ஆட்டம் கொடுக்கும் என்கிறார்கள். என்னுடையது இன்னும் கெட்டி, ஆனால் அதிலும் நூறு தாண்டவில்லை.