மோனோபிளாக்கா, கப்ளிங் பம்பா? பழுது பார்ப்பவரின் பக்கத்திலிருந்து

கூலிங் டவர் தண்ணீருக்கு ஓடிக்கொண்டிருந்த பழைய பம்புகளை மாற்றும் நேரம் வந்தபோது இரண்டு கொட்டேஷன்கள் மேசைக்கு வந்தன. ஒன்று மோனோபிளாக். மற்றது தனி மோட்டாரும், அதன் ஷாஃப்டையும் பம்பின் ஷாஃப்டையும் இணைக்கும் கப்ளிங்குமாக ஒரே பேஸ் பிரேமில் உட்காரும் வகை. நாங்கள் எடுத்தது இரண்டாவது. அதற்கான காரணத்தைத்தான் எழுதுகிறேன் என்பதால் தராசு கொஞ்சம் சாய்ந்தே இருக்கும்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். மோனோபிளாக்கில் மோட்டாரின் ஷாஃப்டே நீண்டு வந்து, தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரைத் தாங்குகிறது. கப்ளிங் இல்லை, இரண்டு ஷாஃப்டையும் ஒரே கோட்டில் நிறுத்தும் அலைன்மென்ட் வேலை இல்லை, இடமும் விலையும் குறைவு. கப்ளிங் வகையில் பம்புக்கென்று தனி ஷாஃப்ட், தனி பேரிங் உண்டு. இரும்பும் கான்கிரீட்டும் கூடுதலாகப் பிடிக்கும்.

கரண்டு செலவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அதைத் தீர்மானிப்பது டியூட்டி பாயின்ட், அதாவது எவ்வளவு தண்ணீரை எவ்வளவு உயரத்துக்கு (ஹெட்) ஏற்ற வேண்டும் என்பது. மணிக்கு 60 கன மீட்டர், 40 மீட்டர் ஹெட் என்றால் 60-ஐ 40-ஆல் பெருக்கி, அலகுகளைச் சரிசெய்யும் எண்ணான 367-ஆல் வகுத்து, பம்பின் எஃபிஷியன்சியாலும் வகுக்க வேண்டும். 70 சதவீதம் என்று வைத்தால் 9.3 கிலோவாட் வரும். 11 கிலோவாட் மோட்டார் போடுவோம். எந்த வகை வாங்கினாலும் இந்தக் கணக்கு ஒன்றுதான்.

விஷயம் பழுதில்தான் இருக்கிறது. முதலில் மோட்டார் எரிவதை எடுத்துக்கொள்வோம். மோனோபிளாக் மோட்டாரின் ஷாஃப்ட் நீளம், முனையில் உள்ள மரை, முன்பக்க மூடி எல்லாமே அந்தந்தத் தயாரிப்பாளரின் அளவு. ஸ்டோரில் இருக்கும் சாதாரண மோட்டார் அதில் ஏறாது. வால்வை மூடி, தண்ணீரை வடித்து, இம்பெல்லரையும், ஷாஃப்டோரம் தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீலையும் கழற்றி, மோட்டாரைக் காயில் கட்ட அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கப்ளிங் பம்பில் இருப்பது சர்வதேசத் தரமான ஐஇசி அளவு மோட்டார். 11 கிலோவாட், நான்கு போல் (காந்தத் துருவம்), காலில் நிற்கும் மோட்டார் என்றால் வழக்கமாக 160எம் ஃபிரேம்: ஷாஃப்டின் மையம் மோட்டார் காலின் அடியிலிருந்து 160 மில்லிமீட்டர், ஷாஃப்ட் விட்டம் 42. யார் செய்த மோட்டாரானாலும் இதே அளவு. அதே கிலோவாட், அதே போல் எண்ணிக்கை உள்ள பம்புகள் எத்தனை இருந்தாலும் ஒரே ஒரு மோட்டாரை ஸ்பேராக வைத்துச் சமாளிக்கலாம். பம்பைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது சீல். நீர் பம்பில் அடிக்கடி போவது இதுதான். மோனோபிளாக்கில் மெக்கானிக்கல் சீல் கசிய ஆரம்பித்தால் தண்ணீர் ஷாஃப்டோடு நடந்து மோட்டாரின் முன் பேரிங்கை நோக்கிப் போகும். தடுக்க ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது தேய்ந்துபோனால், கழற்றும்போது ஷாஃப்டில் ஒரு துருக்கோடு நேராக பேரிங் வரை போயிருப்பதைப் பார்க்கலாம். உள்ளே கிரீஸ் பால் கலந்த காபி மாதிரி வெளுத்திருக்கும். அதற்குப் பின் பேரிங் சத்தம், அப்புறம் வைண்டிங். சின்ன சீலில் தொடங்கியது மோட்டார் செலவில் போய் நிற்கிறது. கப்ளிங் பம்பில் அதே கசிவு பிராக்கெட்டில் சொட்டி வடிகாலுக்குப் போகும். கவனிக்காமல் விட்டால் பம்பின் பேரிங் போகலாம். மோட்டார் தள்ளியே இருக்கிறது.

சீல் மாற்றுவதும் சுலபம், ஆனால் ஒரு நிபந்தனையுடன். பேக் புல் அவுட் வகையில் கேசிங் (பம்பின் வெளிக்கூடு) பைப்போடு அப்படியே நிற்க, இம்பெல்லரும் ஷாஃப்டும் பேரிங் ஹவுசிங்கும் ஒரே கட்டாகப் பின்னால் வரும். அது வர இடம் வேண்டுமே, அதற்காகத்தான் ஸ்பேசர் கப்ளிங். நடுத்துண்டைக் கழற்றினால் மோட்டாரை நகர்த்தாமலே வேலை முடியும். சாதாரண கப்ளிங் என்றால் மோட்டாரைக் கழற்றி, திரும்பவும் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். கொட்டேஷனில் ஸ்பேசர் என்ற சொல் இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

இத்தனைக்கும் கொடுக்கும் விலை அலைன்மென்ட். ஃபேக்டரியில் பார்த்து அனுப்பியது லாரிப் பயணத்தோடு சரி. பேஸ் பிரேமுக்குக் கீழே ஊற்றும் கிரவுட் கலவை இறுகிய பிறகு ஒரு முறை, பைப் மாட்டிய பிறகு ஒரு முறை டயல் கேஜ் (முள் வைத்த நுண்ணளவுக் கருவி) வைத்தே ஆக வேண்டும். 1500 சுற்று மோட்டாருக்கு 0.05 மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்துவிட்டுத்தான் நாங்கள் விடுவோம். மோட்டாரின் நான்கு போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தும்போது கேஜ் முள் அசைந்தால் அந்தக் கால் சரியாக உட்காரவில்லை, ஷிம் (மெல்லிய தகடு) வைக்க வேண்டும். ஃபிளேஞ்ச் போல்ட் கையாலேயே நுழைய வேண்டும். கடப்பாரை போட்டு பைப்பை இழுத்தால் அந்த விசையெல்லாம் பம்பின் மேல்தான் விழும். ஓடத் தொடங்கிய பின், கப்ளிங் கார்டுக்குக் கீழே கறுப்பாக ரப்பர் தூள் கொட்டிக் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் அலைன்மென்ட் கெட்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

டயல் கேஜ் பிடிக்கத் தெரிந்த ஆள் இல்லாத இடத்துக்கு மோனோபிளாக்தான் சரி, அதில் சந்தேகமில்லை. சின்ன வேலைகளுக்கும் அப்படியே. 3.7 கிலோவாட் சம்ப் பம்புகளை நாங்களும் மோனோபிளாக்காகத்தான் வைத்திருக்கிறோம். முழு பம்பு ஒன்று ஷெல்ஃபில் இருக்கும், போனால் கழற்றி மாற்றிவிடுவோம். ஸ்டாண்டர்டு ஃபிளேஞ்ச் மோட்டாரில் ஸ்டப் ஷாஃப்ட் (மோட்டார் ஷாஃப்டை நீட்டும் துண்டு) மாட்டி வரும் நடுவகையும் உண்டு. மோட்டார் வெளியில் கிடைக்கும், அலைன்மென்ட்டும் வேண்டாம் என்பதால் இடம் நெருக்கடியான பம்பு அறைக்கு நன்றாகவே படுகிறது. ஆனால் சீல் மாற்ற மோட்டாரைத் தூக்க வேண்டும், மேலே செயின் பிளாக் மாட்ட வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வகையை நான் அதிகம் கழற்றிப் பார்த்ததில்லை.

இதெல்லாம் 45 கிலோவாட் வரை ஓட்டிய அனுபவத்தில் சொல்வது. அதற்கு மேல், அதுவும் தண்ணீர் அளவு பெரிதாகும்போது, கேள்வியே மாறிவிடும்: முனை வழியாகத் தண்ணீர் இழுக்கும் எண்ட் சக்‌ஷனா, மேல்மூடியை மட்டும் தூக்கி உள்ளே பார்க்கக்கூடிய ஸ்பிளிட் கேசிங்கா என்று.