சொகுசுக் கப்பலில் விற்கும் போட்டோக்கள்: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

சொகுசுக் கப்பலில் போட்டோ எடுத்துக்கொள்ளக் காசு கிடையாது. எடுத்ததை வாங்கத்தான் காசு. விலை ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கான விடையும் இதிலேயே இருக்கிறது. ஏறும்போது ஒன்று, துறைமுகத்தில் இறங்கும்போது ஒன்று, சாப்பாட்டு மேசையில் ஒன்று, எல்லாரும் விருந்து உடையில் வரும் ஃபார்மல் நைட்டில் நான்கைந்து என்று கப்பலின் போட்டோகிராபர்கள் எல்லாரையும் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். அவற்றில் பெரும்பகுதி விற்காது என்பது அவர்களுக்கும் தெரியும். விற்கிற கொஞ்சம் படங்கள்தான் மீதி எல்லாவற்றின் செலவையும் சுமக்க வேண்டும். அதனால்தான் டாலரில் கணக்கு வைக்கும் கப்பல்களில் ஒரு 8×10 அங்குலப் படத்துக்கு 20 டாலரும் அதற்கு மேலும் கேட்கிறார்கள். தாளுக்கும் மைக்கும் ஆகும் செலவோடு அதை ஒப்பிட்டுப் பயனில்லை.

கைப்பேசியால் எடுக்க முடியாத படத்துக்கு மட்டும் காசு கொடுங்கள் என்பதே எங்கள் கருத்து. கப்பலில் அப்படிப்பட்ட படம் ஏறக்குறைய ஒரே வகைதான்: ஒழுங்கான விளக்கு வெளிச்சத்தில் எடுத்த போர்ட்ரெய்ட்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பதிவின்போது அடையாள அட்டைக்காக எடுக்கும் படம் பாதுகாப்புக்கானது, கட்டாயம். அதைத் தாண்டி நாலு அடி போனதும் கப்பல் படம் வரைந்த திரைக்கு முன்னால் நிற்கச் சொல்வார்களே, அது விற்பனைக்கானது. இரண்டும் ஒன்றென்று நினைத்து வரிசையில் நின்று களைப்பவர்கள் அதிகம். "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஓரமாக நடந்து போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். பயணக் களைப்பும் தோளில் பையுமாக எடுக்கும் அந்தப் படம் பெரும்பாலும் வாங்கும்படி அமைவதுமில்லை.

துறைமுகத்தில் கேங்வே (கப்பலில் ஏறி இறங்கும் சாய்பாதை) ஓரம் எடுப்பதும் அப்படித்தான். உச்சி வெயில் தலைக்கு மேல் நிற்கும், கண்குழியில் நிழல் விழும், எல்லாரும் கண்ணைச் சுருக்கியிருப்பார்கள். வேஷம் போட்ட ஒருவர் திடீரென்று பக்கத்தில் வந்து நிற்பார். கப்பல் பக்கத்திலேயே இருப்பதால் படத்தில் வெள்ளைச் சுவர்தான் தெரியும். கப்பல் முழுதாகத் தெரிய வேண்டுமென்றால் துறைமுகத்தில் நன்றாகத் தள்ளிப்போய் நீங்களே எடுத்துக்கொள்ளலாம். சாப்பாட்டு மேசைப் படம் எல்லாவற்றிலும் மோசம். கேமரா மேலேயே இருக்கும் ஃபிளாஷ் நேராக முகத்தில் அடிக்கும், முன்னால் இருப்பவர் வெளுத்துப்போவார், பின்னால் இருப்பவர் இருட்டில் மறைவார்.

ஃபார்மல் நைட் வேறு கதை. அன்று மாலை மாடிப்படி அருகிலும் நடைபாதைகளிலும் பின்னணித் திரைகள் கட்டி, ஒவ்வொன்றுக்கும் வெளிச்சத்தை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸ் என்ற துணிப்பெட்டியோ குடையோ வைத்த ஸ்டுடியோ ஃபிளாஷ் நிறுத்தியிருப்பார்கள். அந்த மிருதுவான வெளிச்சம் தோலில் விழும் விதம் கைப்பேசியில் வராது. உட்காரக் கட்டணம் இல்லை, வாங்கியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு மூன்று திரைகளில் எடுத்துக்கொள்ளுங்கள். சூரிய அஸ்தமனம் வரைந்த திரையை விட, ஒரே நிறத்தில் இருக்கும் சாம்பல் அல்லது பழுப்புத் திரை பல வருடம் கழித்தும் பார்க்க நன்றாக இருக்கும். கருப்பு சூட்டுக்குக் கருப்புத் திரை வேண்டாம், தோள் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் போகும். திரையை ஒட்டி நிற்காமல் ஐந்தடியாவது முன்னால் நின்றால் நிழல் திரையில் விழாது. கண்ணாடி அணிந்தவர்கள் அதன் கம்பியைக் காதருகில் இம்மியளவு தூக்கிவிட்டால் கண்ணாடி சற்றுக் கீழ்நோக்கிச் சாயும், ஃபிளாஷ் பளிச்சிடுவது மறையும். இரவு உணவு வேளை தொடங்குவதற்குச் சற்று முன்புதான் கூட்டம் நெரியும், ஆளுக்கு இரண்டு ஷாட்டோடு அனுப்பிவிடுவார்கள். விளக்குகளைப் பொருத்தி முடித்த உடனே போனால் நின்று நிதானமாக எடுப்பார்கள்.

இனி, படத்தைத் தேடிப் பிடிக்கும் பாடு. முன்பெல்லாம் எடுத்த எல்லாவற்றையும் அச்சடித்து கேலரிச் சுவரில் அடுக்குவார்கள், விற்காதவை குப்பைக்குப் போகும். இப்போது பல கப்பல்களில் முகத்தை அடையாளம் காணும் மென்பொருள் உங்கள் படங்களைப் பிரித்து, கேபின் கணக்கில் சேர்த்துவிடுகிறது. கேலரியில் இருக்கும் தொடுதிரை இயந்திரத்தில் (கியோஸ்க்) கேபின் அட்டையைத் தேய்த்தால் வரும், சில கப்பல்களில் செயலியிலும் வரும். கழிவு குறைந்தது நல்ல மாற்றம். ஆனால் கருப்புக் கண்ணாடி, தொப்பி, பக்கவாட்டு முகம், சிறு குழந்தைகள் என்றால் மென்பொருள் தடுமாறும். கூட்டுக் குடும்பமாக எடுத்த படம் ஒரு கேபினில் மட்டும் விழுந்து மற்றவர்களுக்குத் தெரியாமல் கிடக்கும். எந்த இடம், எந்த நேரம், என்ன நிற உடை என்று சொன்னால் கவுண்டரில் இருப்பவர் தேடி எடுத்துக் கொடுப்பார். எடுத்த இடத்திலேயே திரையையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

பேக்கேஜ் வாங்கலாமா என்றால், கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு ஒரு டிஜிட்டல் படம் 25 டாலர், எல்லாப் படங்களும் சேர்ந்த பேக்கேஜ் 250 டாலர் என்றால் பத்தாவது படத்தில்தான் முதல் திரும்பும். உண்மையிலேயே பிடித்த படம் பத்து தேறுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்குப் பெரும்பாலும் தேறாது. பாட்டி தாத்தா முதல் பேரன் வரை மூன்று கேபினில் போகும் குடும்பத்துக்குத் தேறலாம், ஆனால் ஒரே பேக்கேஜ் மூன்று கேபினுக்கும் செல்லுமா என்பதை வாங்குமுன் கேட்டே ஆக வேண்டும். பல நிறுவனங்கள் புறப்படுமுன் இணையத்தில் வாங்கினால் குறைத்துக் கொடுக்கின்றன. தனி ஸ்டுடியோவில் நேரம் ஒதுக்கி எடுக்கும் கருப்பு வெள்ளைப் படங்கள் சில கப்பல்களில் பேக்கேஜில் சேராது, அவற்றின் விலையும் வேறு மட்டம். இதையும் உட்காருமுன்பே கேளுங்கள்.

பிரிண்ட்டா ஃபைலா என்பதில் எங்கள் ஓட்டு ஃபைலுக்கே. கேமரா எடுப்பது 3:2 விகிதத்தில், 8×10 தாள் 5:4 விகிதத்தில். பிரிண்ட் போடும்போது நீளவாட்டில் ஆறில் ஒரு பங்கு வெட்டுப்படும். நின்று எடுத்த படத்தில் பாதம் காணாமல் போவது இதனால்தான். வெட்டாத முழு ஃபைலைக் கேட்டு வாங்கினால் எந்த அளவிலும் அச்சடிக்கலாம். அச்சடிக்கும் உரிமையும் சேர்த்தே தருகிறார்களா என்று பாருங்கள். பிரிண்ட் மட்டும் வாங்கியவருக்கு அதை நகலெடுக்கும் உரிமை பொதுவாகக் கிடைக்காது. பிரிண்ட்தான் வேண்டுமென்றால் ஃபிரேமில் மாட்டும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் மவுண்ட் அட்டை (நடுவில் படம் தெரியும்படி வெட்டிய தடித்த அட்டை) வையுங்கள், இல்லாவிட்டால் ஈரப்பதத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.

கடைசி இரவு கேலரிப் பக்கமே போகாதீர்கள். தள்ளிப் போட்டவர்கள் எல்லாரும் அன்றுதான் வருவார்கள், இரண்டு படம் வாங்க நினைத்தவர் அவசரத்தில் ஆறு வாங்கிவிடுவார். அதற்கு முந்தைய நாள் காலையிலேயே தேர்ந்தெடுத்துப் பணம் கட்டிவிட்டு, ஃபைல்களைக் கப்பலிலேயே திறந்து பாருங்கள். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 8×10 அச்சடிக்க 2400×3000 பிக்சலாவது வேண்டும். செயலியில் இறக்கிய படம் சில நூறு கிலோபைட்தான் இருக்கிறதென்றால் வந்திருப்பது முன்னோட்டப் படமாக இருக்கலாம், அசல் ஃபைலைக் கேளுங்கள். சில கப்பல்களில் போட்டோப் பிரிவைத் தனி ஒப்பந்த நிறுவனம் நடத்துகிறது. இறங்கிய பிறகு புகார் செய்ய நேர்ந்தால் கப்பல் நிறுவனம் உங்களை அங்கேதான் அனுப்பும், அதனால் ரசீதில் இருக்கும் பெயரையும் ஆர்டர் எண்ணையும் இறங்குமுன் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.