அக்காவின் ரிப்போர்ட்டும் பிரெடிக்ட் பிரெஸ்ட் கணிப்பானும்

மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை முடிந்த பத்தாம் நாள் அக்காவின் பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வந்தது. 'கிரேடு 3' என்ற வரியைப் பார்த்ததும், "மூணாவது ஸ்டேஜாம்டி" என்று சொல்லிவிட்டு அக்கா போய்ப் படுத்துக்கொண்டாள். இரண்டும் வேறு என்பது எனக்கே அன்று இரவுதான் புரிந்தது. நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது ஸ்டேஜ். செல்கள் எவ்வளவு உருமாறியிருக்கின்றன என்பது கிரேடு. செல்கள் குழாய் போல அமைந்திருக்கும் விதம், உட்கருவின் தோற்றம், செல் பிரியும் வேகம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாக 1 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். கூட்டினால் 8 அல்லது 9 வந்தால் கிரேடு 3. அக்காவுக்கு 8. ஆனால் அக்குளிலிருந்து எடுத்த மூன்று நெறிக்கட்டிகளும் (நிணநீர் முடிச்சுகள்) சுத்தம், கட்டியும் 2 சென்டிமீட்டருக்குள். அப்படியென்றால் முதல் ஸ்டேஜ்தான்.

அந்த இரவில்தான் பிரெடிக்ட் பிரெஸ்ட் என்ற இணையக் கணிப்பானைத் திறந்தேன். அறுவைக்குப் பிறகு எத்தனை பேர் எத்தனை வருடம் உயிரோடு இருப்பார்கள் என்று கணித்துச் சொல்வது அது. பிரிட்டனில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், அங்கே சிகிச்சை பெற்ற ஆயிரக்கணக்கான பெண்களின் பதிவுகளை வைத்து உருவாக்கியது. இலவசம். வயது, மாதவிடாய் நின்றுவிட்டதா, கட்டியின் அளவு, கிரேடு, எத்தனை நெறிக்கட்டிகளில் நோய், ஈஆர் (கட்டி ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை ஏற்கிறதா), ஹெர்-2 (கட்டியை வளரத் தூண்டும் புரதம்), கேஐ-67 (செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் அளவு) என்று கேட்கும். பெரும்பாலானவை ரிப்போர்ட்டிலேயே இருக்கும், நிதானமாகத் தேட வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு இடத்தில் கவனம் வேண்டும். ரிப்போர்ட்டில் 1.8 செ.மீ. என்று இருந்ததை அப்படியே போட்டுவிட்டேன். கணிப்பான் கேட்பது மில்லிமீட்டர். 18 என்று திருத்தியதும் வரைபடத்தில் உயிரோடு இருப்போரைக் காட்டும் கோடு கீழே இறங்கியது, என் வயிறும் கலங்கியது. அளவு என்றால் ஊடுருவிய கட்டியின் அளவு மட்டும். வெட்டியெடுத்த துண்டின் அளவைப் போடக் கூடாது. அக்காவுக்கு ஹெர்-2 முதலில் 2+ என்று, அதாவது உறுதியில்லாமல் வந்து, மரபணுவைப் பார்த்து உறுதிசெய்யும் ஃபிஷ் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அதுவரை 'தெரியாது' என்று வைக்க வழி இருந்தது. பிறகு நெகட்டிவ் என்று வந்ததும் மாற்றினேன்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, அறுவை சிகிச்சையோடு நிறுத்தினால் எவ்வளவு, ஹார்மோன் மாத்திரை சேர்த்தால் எவ்வளவு, கீமோவும் சேர்த்தால் எவ்வளவு என்று படிப்படியாகக் காட்டுவது. வரைபடமாகவும் பார்க்கலாம், 100 பெண்களைப் புள்ளிகளாகவும் பார்க்கலாம். அக்காவுக்கு அந்தப் புள்ளிகள்தான் மனதில் நின்றன. அவளைப் போன்ற 100 பேரில் பெரும்பாலோர் 10 வருடம் கழித்தும் இருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். கீமோ கூடுதலாகக் காப்பாற்றுவது அந்த 100 பேரில் மிகச் சிலரை என்றேன். "அந்தச் சிலர்ல நான் இருந்தா?" என்று கேட்டாள். அதற்குக் கணிப்பானிடம் பதில் இல்லை. அது சொல்வது கூட்டத்தின் கணக்கு.

குறைகளும் உண்டு. உயிரோடு இருப்பதைத்தான் கணக்கிடுகிறது, நோய் திரும்புமா என்பதைச் சொல்லாது.  வேறு உறுப்புக்குப் பரவியவர்களுக்கு இது பொருந்தாது. அறுவைக்கு முன்பே கீமோ எடுத்தவர்களுக்கும் பொருந்தாது. இரவில் தனியாக உட்கார்ந்து பார்ப்பது நல்லதல்ல, நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள். யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அச்செடுத்த தாளை டாக்டரிடம் கொண்டுபோனோம். ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்துவிட்டு, "உங்களுக்கு என்ன தோணுதும்மா?" என்று அக்காவைக் கேட்டார். பத்து நாளில் முதல் தடவையாக அக்கா தானே பேசினாள். கீமோவுக்கு முன் செய்யும் இதய பரிசோதனையைப் பற்றிக் கேட்டாள், எத்தனை சுற்று என்று கேட்டாள், பிறகு கீமோவுக்குச் சரி என்றாள்.