டூப்ளிகேட் புக்: வகுப்புச் சண்டைக்குத் தாங்குமா?

கடைக்காரர்கள் சலான் எழுதும் அதே டூப்ளிகேட் புக்தான். மும்பை கிராஃபர்ட் மார்க்கெட்டை ஒட்டிய அப்துல் ரஹ்மான் தெருவில் மொத்த விலைக்குக் கிடைக்கும். ஒன்றிரண்டு போதுமென்றால் தாராவி, சயான் பக்கத்து ஸ்டேஷனரிக் கடைகளே போதும். ஒவ்வொரு வரிசை எண்ணிலும் இரண்டு தாள்: மேலே வெள்ளை, கிழித்துக் கொடுக்க, கீழே மெல்லிய கலர் தாள், புத்தகத்திலேயே தங்க. வகுப்பில் பிள்ளைகள் சண்டை போட்டால் நடந்ததை எழுதி, வெள்ளைத் தாளைப் பெற்றோருக்குக் கொடுக்க வகுப்பாசிரியர் கைக்கு இது நல்ல ஆயுதம், சில இடங்களில் காலை வாரினாலும்.

முதலில் பேனா. ஜெல் பேனா எழுத்து கீழ்த்தாளில் விழாது. அழுத்தி எழுதும் பால் பாயிண்ட் வேண்டும். இரண்டு தாளுக்கும் நடுவே வைக்கும் கார்பன் தாளின் மினுமினுப்பான பக்கம் கீழே பார்க்க வேண்டும், இல்லையென்றால் வெள்ளைத் தாளின் முதுகில்தான் எல்லாம் பதியும். கார்பன் இல்லாத வகை விலை கூடுதல், கைக்குக் கரி ஒட்டாது. ஆனால் இரண்டு தாளுக்கும் அடியில் அட்டை செருக மறந்தால் அடுத்த மூன்று எண்ணிலும் அதே சண்டை தெரியும். வெயில் விழும் ஜன்னலோரம் வைத்தால் எழுத்து மங்கியும் போகும். மழைக்காலத்தில் எந்த வகையானாலும் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள்.

புத்தகத்தில் எழுதுமுன் சண்டை போட்ட இருவரையும் தனித்தனியே உட்கார வைத்து, வெறுந்தாளில் அவரவர் எழுதட்டும். பேசிவிட்டு எழுதினால் இரண்டு தாளிலும் ஒரே கதை வரும். சின்ன வகுப்பென்றால் அவர்கள் சொன்ன சொல்லையே ஆசிரியர் எழுத வேண்டும். "அவன் எங்கப்பாவச் சொன்னான்" என்பதை "தகாத வார்த்தை பேசினான்" என்று திருத்தக் கூடாது. பிறகு புத்தகத்தில்: "11:10, தண்ணீர்க் குழாய் அருகே, தள்ளியதில் வலது முழங்கை சிராய்ப்பு, 11:20 கழுவி மருந்து போட்டாயிற்று, 11:30 அம்மாவுக்கு போன்." முரடன், பொய்யன் என்ற பட்டமெல்லாம் வேண்டாம். பெற்றோரின் கண் நேரே அந்தச் சொல்லில்தான் போய் நிற்கும், நடந்தது மறந்துவிடும்.

கீழே ஐந்து வரி காலியாக விடுங்கள். "எம் புள்ள அப்படிச் செய்யவே மாட்டான் டீச்சர்" என்று வருபவரிடம் வாதம் வேண்டாம். "இதுல எது தப்புன்னு நீங்களே எழுதுங்கம்மா" என்று பேனாவை நீட்டினால் குரல் பாதி இறங்கிவிடும். மும்பையிலேயே பிறந்து வளர்ந்த பெற்றோர் பலர் தமிழ் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. அவர்களுக்கு வாசித்துக் காட்டி, "வாசித்துக் காட்டப்பட்டது" என்று எழுதியபின் கையெழுத்து வாங்குங்கள். வாசிக்காமல் வாங்கிய கையெழுத்து மறுநாளே சண்டையாகத் திரும்பும்.

பெரிய குறை இனிமேல்தான். இரண்டு தாளிலும் ஒரே எழுத்து. எதிராளிப் பிள்ளையின் பெயர் வெள்ளைத் தாளோடு வீட்டுக்குப் போய், ராத்திரிக்குள் வாட்ஸப் குரூப்பில் போட்டோவாக நிற்கும். ஆகவே ஒரு பிள்ளைக்கு ஓர் எண். மற்றவரை "இன்னொரு மாணவர்" என்று மட்டும் எழுதுங்கள். யார் அவர் என்பது பிள்ளைகள் எழுதிய வெறுந்தாளில் இருக்கிறது. அது பள்ளி ஃபைலை விட்டு வெளியே போகக் கூடாது.

பாலியல் சீண்டல் என்று சந்தேகம் வந்தால் இந்தப் புத்தகத்தை மூடிவிடுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டம் பிரிவு 19 படி போலீசுக்குத் தகவல் தருவது கட்டாயம். பெற்றோரைக் கூப்பிட்டுச் சமாதானம் பேசி முடிக்கிற விஷயம் அல்ல. குழந்தைகள் உதவி எண் 1098. "முட்டி போட வைத்தேன்" என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்! கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 17 உடல் தண்டனையைத் தடை செய்கிறது. நம் கையாலேயே நமக்கெதிராக வாக்குமூலம் எழுதுவானேன்? எழுதாமல் விட்டால் மட்டும் சரியாகிவிடாது, செய்யவே கூடாது.

இந்தப் புத்தகத்துக்கு ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுக்கலாம். வாங்கும்போது எண்கள் விடுபடாமல் இருக்கின்றனவா என்று கடையிலேயே புரட்டிப் பாருங்கள். 37 இல்லாத புத்தகத்தை நீட்டினால், 37-இல் என்ன எழுதிக் கிழித்தீர்கள் என்றுதான் கேட்பார்கள்.