சனி ஞாயிறில் தொல்லியல்: இரண்டரை வருஷம் படித்த பிறகு

நாற்பத்தாறு வயதில், வங்கி வேலையை விடாமல், கொழும்பிலேயே பகுதிநேரமாகத் தொல்லியல் முதுமாணி படித்து முடித்தேன். "இனி மண் கிண்டத்தான் போறீங்களோ?" என்று மனைவி கேட்டது இப்பவும் காதில் நிற்கிறது.

காரணம் கொழும்பு நூதனசாலையில் இருக்கிற காலிக் கல்வெட்டு. 1409ஆம் ஆண்டுத் திகதியோடு சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறித்து, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் கப்பலில் வந்த கல். 1911இல் காலியில் வடிகால் ஒன்றை மூடிக் கிடந்ததாம். சீனம் புத்தருக்கும், தமிழ் தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகம் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கிறது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்தபோது அதைத் தமிழென்றே நம்பவில்லை. முதல் வருஷ முடிவில், கல்லில் தாளை ஒற்றி மையால் எடுத்த மைப்படியைப் பக்கத்தில் வைத்து, சில சொற்களை எழுத்துக்கூட்டி விட்டேன்.

நான் அதிகம் கற்றது ஓட்டுத் துண்டுகளிடம்தான். பானையின் வாய்விளிம்புத் துண்டை, வட்டத்துக்குள் வட்டமாகக் கீறிய தாளில் கவிழ்த்து, எந்த வளைவோடு பொருந்துகிறதென்று நகர்த்திப் பார்த்தால் முழுப் பானையின் வாயகலம் வந்துவிடும். உள்ளங்கையளவு துண்டுக்கு முதல் நாள் எனக்கு ஒன்றரை மணித்தியாலம். கறுப்பு-சிவப்பு மட்பாண்டத்தைக் கவிழ்த்துச் சுடுவதால் காற்றுப்படாத உட்புறமும் விளிம்பும் கறுக்க, வெளிப்புறம் சிவக்கும். அனுராதபுரம், யாழ்ப்பாணத்துக் கந்தரோடை, புத்தளம் பக்கத்துப் பொம்பரிப்பு எல்லா இடத்திலும் அதே துண்டு. சிங்களவர் வேறு, தமிழர் வேறு என்று அரசியல் பேச்சில் கேட்ட பல கதைகள் எனக்கு அங்கேதான் ஆட்டம் கண்டன.

குறைகளும் உண்டு. படிப்பு ஆங்கில மொழிமூலம் என்றுதான் சேர்த்தார்கள். பாதி விளக்கம் சிங்களத்தில் ஓடும். வகுப்பு இல்லை என்ற செய்தி வெள்ளி இரவு பதினொரு மணிக்கு வட்சப்பில் வரும். களப்பயிற்சிக்கு இரண்டு கிழமை லீவு எடுக்க மேலாளரிடம் கெஞ்சினேன். குழிக்குள் குந்தியிருந்து முழங்கால் போனது தனி; கூடப் படித்த பிள்ளைகள் "அங்கிள், மேல ஏறுங்க, நாங்க அளக்கிறம்" என்பார்கள். மண்ணை நனைத்து நிற அட்டையோடு ஒப்பிட்டு "10 வைஆர் 4/3, பழுப்பு" என்று அட்டையிலுள்ள நிறக் குறியீட்டை எழுதுகிற வேலை எனக்கென்றே ஒதுங்கியது. நிழலில் இருந்து செய்யலாம்.

பதவி உயர்வுக்கென்றால் சேராதீர்கள்; என் வங்கியில் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை.

போன கிழமை காலி வீதியில் குழாய் போட வெட்டின கிடங்கை எட்டிப் பார்த்து, தாருக்குக் கீழே எத்தனை மண்படை என்று எண்ணிக்கொண்டு நின்றேன். ஐந்து. பஸ் போய்விட்டது.